நேராக வந்த படகு

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள்.

“சுக்கான் பிடிக்கிற மிசின் நல்லா வேலை செய்ததாலைதான் வலை போச்சு, அண்ணை,” என்றார் இளையவர்.

“விளங்கேல்லை.”

“வலை நழுவித் தண்ணிக்குள்ளை இழுபட்டிருக்கு. போட் வலை இழுத்த பக்கம் சரியச் சரிய, மிசின் மற்றப் பக்கம் திருப்பி நேராக் கொண்டந்திட்டுது. கரையிலைதான் பாத்தன். எல்லாம் கிழிஞ்சுபோச்சு.”

“நீ சுக்கானைப் பிடிச்சிருந்தா உடனை கையிலை தெரிஞ்சிருக்குமே. என்ன செய்துகொண்டிருந்தனீ?”

“நித்திரை. கடலிலை நான் நித்திரை கொண்டது இதுதான் முதல்தரம், அண்ணை.”

மூத்தவர் சிவந்த கண்களைக் கசக்கினார். பிறகு கேட்டார்:

“உந்த மிசின் எங்கை வாங்கினனீ?”