ஸ்டாப்பர் பாரத்தோட கல்யாணத்த யாரு கெடுக்கறாங்க?

…எந்த வாயோ தெர்ல கண்ணு, எந்த வாயோ! ஆனா இந்த மார்க்கெட்டுக்குள்ளதான் கீது. இங்கதான் எங்கினா குந்திக்கினு என் புள்ளய பத்தி ஊரெல்லாம் ஓதிக்கினு கீது. அது மட்டும் என் கையில கெடச்சுது… இந்தா, உன் வஞ்சிரத்துக்கு தல போவுது பாரு… சதக்! இப்டித்தான். ஐய, நீ ஏன் பின்னாடி நவுர்ற? ஒன்ன சொல்லல. அந்த ஸ்டூல இஸ்த்துப் போட்டு குந்து. மீனு விக்கறவ அந்தாண்ட, வெட்டறவ நானு. என்னாண்ட வந்தா கொஞ்சம் நேரம் ஆவும். ஆனா தேசம்மா வெட்டு ஒரே அளவா இருக்கும். கொயம்புக்கா, வறுக்கவா? வறுக்கவா… செரி.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங்… வாயி.

மூணு எடம் கண்ணு. மூணு எடத்துலருந்தும் வூடு வரிக்கும் வந்தாங்க. காபி குடிச்சாங்க. ‘பையன் நல்லா கீறாப்டி, நாலு பேராண்ட விசாரிச்சிட்டு சொல்றோம்’னு போனாங்க. போனவங்க போனவங்கதான். விசாரிக்கறது தப்புன்னு நான் சொல்லல. எங்க ஜனத்துல பொண்ணு குடுக்கறவங்க வூட்ல கேக்க மாட்டாங்க, மார்க்கெட்லதான் கேப்பாங்க. வூட்டுக்குள்ள எல்லாரும் நல்லவன்தான? நானே என் பொண்ணுக்கு மாப்ள பாக்க சொல்லோ, காசிமேட்டுக்குப் போயி கருவாடு வாங்கறா மாரி வாங்கிக்கினே விசாரிச்சவ. அது மொற. ஆனா நான் விசாரிச்சப்ப அங்க ஒருத்தரும் மாப்ளய பத்தி ஒரு கொற சொல்லல. இங்க பாரு… என் புள்ளக்கின்னே ஒரு வாயி மொளைச்சிக்கீது!

இப்ப நாலாவது எடம் வந்து நிக்குது. திருவொத்தியூர் பக்கம். பேரு அஸ்வினியாம். அடையாறுல ஒரு ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற வேல. போட்டோ அனுப்புங்கன்னோம். ‘போட்டோலாம் வேணாம், ஞாயித்துக்கெயம நேர்லயே பாத்துக்கலாம்’னு அந்தப் பொண்ணே சொல்லிச்சாம். உஷாரான பொண்ணு! எனக்கு அப்பவே புடிச்சிப் போச்சு. இவனுக்கு முப்பத்தொண்ணு ஆவுது கண்ணு. இந்த எடமாச்சும் கூடி வரணும். ஞாயித்துக்கெயம வரிக்கும் அந்த வாய எவனாச்சும் தச்சி வெச்சா, நான் மாதா கோயிலுக்கும் முண்டகக்கண்ணியாத்தாளுக்கும் சேத்து வெளக்கு போடுவேன்.

பையன் இன்னா பண்றானா? அத சொல்லலியா நானு? புட்பாலு! சிரிக்காத. நெஜமாவே அதான் வேல. பின்லாந்துன்னு ஒரு தேசம்… கேள்விப்பட்டுக்கீறியா? நான் கேட்டதே இல்ல. அங்க மார்கழி மாசத்துல கடலு கட்டியாயிடுமாம். நாங்க ஐஸு வாங்கி மீனு மேல கொட்றோம், அங்க கடலே ஐஸு! இவன் அதும் மேல நின்னுக்கினு வீடியோ கால் போடறான். ‘யம்மா பாரு, கடலு மேல நிக்கறேன்.’ எறங்குடா பேமானின்னு இங்கருந்து கத்துனேன். எங்க வூட்டுக்காரரு போட்ல போறவரு. அவரு போன வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, ‘வலைய எங்கடா போடுவாங்க?’

ஆனா கோலு போடற வேல இல்ல கண்ணு. அதான் என் வயித்தெரிச்சலு. கோலு போட வுடாத வேல! ஸ்டாப்பருன்னு சொல்றாங்க. டிபெண்டருன்னு டிவில சொல்றாங்க. இன்னா பேரு வெச்சா இன்னா? கோலு போட்டவன தூக்கிக்கினு சுத்தறாங்க, கட்டிப் புடிக்கறாங்க, காமிரா அவன் மூஞ்சிலயே குந்திக்குது. என் புள்ள குறுக்க வுயுந்து, நெஞ்சில வாங்கி, தலையில வாங்கி, பத்து கோல நிறுத்துவான். ஒரு கைதட்டு? ம்ஹும். பதினோராவது பந்து உள்ள போச்சுன்னு வெச்சிக்க, அப்ப காட்டுவான் பாரு காமிராவ… இவன் இடுப்புல கைய வெச்சிக்கினு தலய தொங்கப் போட்டுக்கினு நிக்கறத! பெத்தவ நான் போன்ல பாக்கறது அந்த மூஞ்சி மட்டுந்தான். ஜெயிச்ச நாள்ல என் புள்ள எப்டி கீறான்னே எனக்குத் தெரியாது.

எல்லாம் அய்யாதுரை மாஸ்டர் பண்ண வேல. நம்ம குப்பத்து மணல்ல பசங்களுக்கு புட்பாலு சொல்லிக் குடுத்தவரு. இவனுக்கு ஆச, முன்னாடி நின்னு கோலு போடணும்னுதான். மாஸ்டரு இன்னா பாத்தாருன்னா… மூஞ்சிக்கு நேரா பந்து வந்தா எல்லாப் பசங்களும் குனியுவானுங்க, இவன் குனிய மாட்டான். ‘நீ பின்னாடி நில்லு’ன்னுட்டாரு. அன்னைக்கு நின்னவன்தான். சென்னை லீக்குல நின்னான், அப்பால கோவால நின்னான், மாலத்தீவுல நின்னான், இப்ப பின்லாந்துல நிக்கறான். தேசம் மாறிச்சி, சோறு மாறிச்சி, நிக்கற எடம் மாறல.

மொதல்ல வந்த பொண்ணு வூட்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘பையன் ஒரு எடத்துல நெலையா இருக்க மாட்டானாமே, அஞ்சு கிளப்பு மாறிட்டானாமே’ன்னாங்க. யாரு சொன்னது? எப்டித் தெரிஞ்சிது? அந்த வாரம் பூரா நானே இங்க, ‘வருசத்துக்கு ஒரு தபா பொட்டி கட்றான், எந்த ஊருக்கு ஊறுகா அனுப்பறதுன்னே புரியல’ன்னு எல்லாராண்டயும் பொலம்பிக்கினுதான் இருந்தேன். ஆனா பொலம்பறது வேற கண்ணு, கெடுக்கறது வேற. இன்னா நான் சொல்றது?

ரெண்டாவது எடம் இத வுட அநியாயம். ‘பையன் ரவுடியாமே, ரெட் கார்டு காட்டி வெளிய தொரத்திட்டாங்களாமே!’ நடந்தது இன்னா? எதிராளி ஒருத்தன் தனியா பந்த இட்டுக்கினு ஓடறான். இவன் இன்னா பண்ணுவான்? சட்டைய புடிச்சி இஸ்த்தான். கியிஞ்சி பூட்ச்சி. பாதி சட்ட இவன் கையில. அவ்ளோதான்! ஆட்டம் முடிஞ்சப்பறம் போயி ‘சாரி’ சொல்லிட்டு தன் சட்டைய கயட்டிக் குடுத்துட்டு வந்தான். இது ரவுடித்தனமா? அந்த சமயத்துல இங்க ஒரு வெள்ள சட்டக்காரரு சங்கரா வெட்ட வந்தாரு. தங்கமான மனுசன். நீ குந்திக்கினு கீற அதே ஸ்டூல்ல குந்தி, ஒரு வார்த்த குறுக்க பேசாம நான் சொன்ன எல்லாத்தயும் கேட்டுக்கினாரு. ‘அப்டியா, அப்டியா’ன்னு தல ஆட்டுனாரு. அவருக்குப் புரிஞ்சிது, இவங்களுக்குப் புரியல! மறுநாளே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மூணாவது எடம்… அத நெனச்சா எனக்கு அயுக அயுகயா வருது. பல்லு! இவனுக்கு முன்பல்லு ரெண்டு கட்டுப் பல்லு. மாலத்தீவுல எவனோ மொயங்கையால மூஞ்சிலயே குடுத்தான். மேல பாத்தா தெரியாது, வச்சிக்கினா ஜோராத்தான் இருப்பான். படுக்க போ சொல்லோ கயட்டி டம்ளர்ல போடுவான். இது வூட்ல கீற நாலு பேருக்கு மட்டுந்தான் தெரியும். நாலே பேரு! அப்பால இப்ப நீ. அது எப்டி செம்மஞ்சேரில கீற அந்தப் பொண்ணு வூடு வரிக்கும் போச்சு? சொல்லு பாப்போம்.

நீ இன்னாத்துக்கு இப்டி குலுங்கிக் குலுங்கி சிரிக்கற? சிரி சிரி. இன்னொண்ணு சொல்றேன், அதுக்கும் சிரி. இந்த பதினோரு வருசத்துல அவன் பேரு ஒரே ஒரு தபா கோலு போட்ட லிஸ்டுல வந்துச்சு. என் மருமவன் போன்ல காட்டுனான். பாரத்துன்னு பேரு, பக்கத்துல குட்டியா ஒரு பந்து படம். மைலாப்பூருக்கு ஆட்டோல போயி மைசூர்பாகு வாங்கியாந்து இந்த மார்க்கெட்டு பூரா, ஐஸு ஒடைக்கறவன் வரிக்கும் குடுத்தேன். எல்லாரும் துன்னுட்டு கையத் தொடச்சப்பறம் வீடியோ வருது… தன் பக்கத்து வலைக்குள்ளயே தட்டிக்கீறான் கஸ்மாலம்! நிறுத்தலாம்னு கால நீட்டிக்கீறான், பந்து கால்ல பட்டு உள்ள பூட்ச்சி. இன்னிக்கும் இங்க கீற பசங்க என்ன பாத்தா, ‘யக்கா, மைசூர்பாகு எப்போ?’ன்றானுங்க.

இந்தா, செவுளு எடுத்துட்டேன். தலைய பொளந்து குடுக்கட்டா? செரி.

இப்பவா? இப்ப வூட்லதான் கீறான். முட்டி பூட்ச்சி. செப்டம்பர்ல ஆட சொல்லோ, தாவி ஒரு பந்த வெளிய தள்ளிட்டு எறங்குனான், முட்டி திரும்பிக்கிச்சு. ஆபரேசன் அங்கயே பண்ணிட்டாங்க. ஸ்க்ரூவா, பிளேட்டான்னா கேக்கற? ஸ்க்ரூவுதான்… நீ கரீட்டா கேக்கறியே! இந்த மார்க்கெட்ல இத்தினி பேராண்ட சொன்னேன், ஒருத்தியும் இப்டி கேட்டதில்ல. ஒம்போது மாசம் ஆவுமா? டாக்டரும் அதான் சொன்னாரு. திரும்ப ஆடலாம்ன்றியா? உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். கிளப்புல இன்னும் ஒண்ணும் சொல்லல. காலையில எழுந்து கடலோரம் நொண்டி நொண்டி நடந்துட்டு வரான். பசங்க ஆடறத நின்னு பாக்கறான். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா போன நோண்டறா மாரி திரும்பிக்கறான்.

அந்த எக்ஸ்ரே பொண்ணு வூட்ல முட்டிய பத்தி இன்னும் மூச்சு வுடல. ‘மொதல்ல அத சொல்லிடும்மா’ன்னு இவன் நச்சரிக்கறான். எனக்குத்தான் மனசு வர்ல. ஞாயித்துக்கெயம வரட்டும், அவன பாக்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு கீறேன். நீ யாராண்டயும் வாய வுட்டுடாத கண்ணு. உன் நல்லதுக்குச் சொல்றேன்… இல்ல, என் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

கட்டிக்கப் போறவ பாவம். இவன் தூக்கத்துல கூட ஆடறான்! அந்த ஊரு பாஷயில ஒரு கூச்சலு, ‘வுடு, வுடு, எனுது!’ன்னு அர்த்தமாம். முந்தாநேத்து பக்கத்துல படுத்த எங்க அண்ணன ஒரே தள்ளு… அவரு கட்டிலுக்குக் கீய! எழுந்து ‘இது பவுலு ஆட்டம் இல்லியாடா?’ன்னு கேட்டாரு.

நல்லது எதுனா கீதான்னா கேக்கற? இன்னா கண்ணு இப்டி கேட்டுட்ட! சமைப்பான். அங்க கெடைக்கற ஐஸு மீன்ல, நான் போன்ல சொல்ல சொல்ல கொயம்பு வெச்சி கூட ஆடறவங்களுக்கெல்லாம் ஊத்துவான். அப்பால… போன வருசம் ஒரு ஆட்டம். கோல் கீப்பரு சின்னப் பையன், கையில வந்த பந்த நயுவ வுட்டுட்டான். தோத்துட்டாங்க. மைக்க நீட்டி கேக்கறாங்க, இவன் சொல்றான், ‘அவன் மேல தப்பில்ல, நான் மறைச்சிக்கினு நின்னேன், அவனுக்கு பந்து தெரிஞ்சிருக்காது’ன்னு. எங்க மறைச்சான்? நான் தான் போன்ல பாத்தேனே, இவன் அந்தாண்ட நின்னான்! பேப்பர்ல எல்லாம் இவன திட்டி எயுதிட்டாங்க. ஏன்டா நீ வாங்கிக்கினன்னு கேட்டேன். ‘அவன் சின்னப் பையன்மா, அடுத்த வாரமும் நிக்கணும்ல’ன்றான். இந்த மாரி ஒருத்தன் பொயப்பானா சொல்லு! சண்ட போட்டேன் அன்னிக்கி. நாலு நாளு அவன் போன எடுக்கல.

இன்னா, பைய தோள்ல மாட்டிக்கற? நேரமாச்சா? எழுந்துக்காத, இரு. கொயால ஒரு அலசு அலசிட்டா ரத்தம் போயிடும். இந்தக் கொயாவ வேற கொண்டும் போயி அந்தக் கோடில வெச்சிக்கீறாங்க, மார்க்கெட்டு கட்டுனவன் ஒரு நாளு மீனு கயுவிக்கீறானா… குந்து, தோ வந்துட்டேன்.

…யம்மா, இந்தா கண்ணு, பளபளன்னு… எங்க? எங்க பூட்ச்சி?

ஏ குல்ஷன்! உன் எலுமிச்சம்பயத்த அப்பறம் அடுக்கு. இங்க ஸ்டூல்ல நீல சுடிதார்ல ஒரு பொண்ணு குந்திக்கினு இருந்துச்சே, எங்க? போயிட்ச்சா? மீன வுட்டுட்டா? இன்னாது… திரும்பி வர சொல்லோ வாங்கிக்கறேன்னுச்சா? எங்க போயிட்டு திரும்பி வர சொல்லோ?

பாரத் வூடு எதுன்னு உன்னாண்ட கேட்டுச்சா? நீ சொல்லிட்டியா? மூணாவது பிளாக்குன்னு கைய வேற காட்டுனியா? யாரு எவருன்னு கேக்க மாட்டியா நீ?

கேட்டியா… இன்னா சொல்லிச்சு?

அஸ்வினியா?

எந்த அஸ்… ஐயையோ. ஐயையோ! ஸ்க்ரூவா பிளேட்டான்னு கேட்டுச்சே! ஏ, அது மூஞ்சி எப்டி இருந்துச்சு? கோவமாவா? சிரிச்சிக்கினா போச்சு? நெஜமாவா? பஸ் ஸ்டாப்பு பக்கம் திரும்பலியே? நம்ம வூட்டுப் பக்கந்தான போச்சு? சத்தியமா சொல்லு!

அடியே, அவன் அங்க லுங்கிய கட்டிக்கினு, முட்டில ஐஸு வெச்சிக்கினு, பல்லு இல்லாம குந்திக்கினு கீறானே! இந்தக் கத்திய பாத்துக்க. எவ வந்து வெட்ட சொன்னாலும் அப்பறம் வா சொல்லு. நான் ஓடறேன்.

இன்னாத்துக்கு ஓடறன்னா கேக்கற? உனக்கு இன்னா தெரியும்? இங்கருந்து மூணாவது பிளாக்கு போறதுக்குள்ள வாசலுக்கு வாசலு எத்தினி பொம்பளைங்க குந்திக்கினு கீறாங்க! எவளாச்சும் ஒருத்தி அந்தப் பொண்ண நிறுத்தி, என் புள்ளய பத்தி எதுனா ஒளறி வெச்சிட்டான்னா?