இடுப்பு நாப்பத்திரண்டு

கையைக் கொஞ்சம் தூக்குங்க... இன்னும் கொஞ்சம். ஆங், போதும். இதெல்லாம் எனக்குத் தேவையா, சொல்லுங்க? நேத்திலேர்ந்து ஒன்பது வீடு ஏறி இறங்கிட்டேன். நான் ஒண்ணும் டெய்லர் இல்லீங்க. உங்களுக்குத் துணி தைக்கிறாளே, அவளோட தங்கச்சி. பக்கத்து போர்ஷன்லதான் இருக்கேன். பதினோரு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கறா. நடுவுல இருக்கிற செவுராவது நான் பேசினா எதிரொலி குடுக்குது, இவ அதுவும் இல்ல.

எதுக்குன்னு கேக்கறீங்களா? ஒரு மாலைக்கு. அதுவும் காகிதத்துல செஞ்ச மாலைக்கு.

போன்ல ஒரு வீடியோ வந்துச்சு, பாத்தேன். பாத்தது என் தப்பா? தாளைப் பட்டை பட்டையா வெட்டி, பல்குத்தற குச்சியில இறுக்கி உருட்டி, பசை வெச்சு ஒட்டி, மேல கலரில்லாத நெயில் பாலிஷ் பூசினா மணி. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்குக் கை சும்மா இருக்கல. பழைய ஜிப்புல பூ செஞ்சேன், கிழிஞ்ச குடைத் துணியில பை தைச்சேன். அந்தப் பை மழைக்கு நனையாது தெரியுமா, நீங்க வேணா தண்ணி ஊத்திப் பாருங்க... சரி சரி, அசையாதீங்க. தோள் பதினஞ்சரை.

முதல்ல நியூஸ்பேப்பர்லதான் உருட்டினேன். போட்டுக்கிட்டு வெளிய போனா வேர்வையில மை ஊறி, கழுத்தைச் சுத்தி தலைப்புச் செய்தி. அப்பதான் அக்கா தையல் ரூம்ல பாத்தேன். மெஷினுக்குப் பின்னாடி, செவுத்துக் கொக்கியில கொத்துக் கொத்தா பழுப்புத் தாள். கனமா, வழவழன்னு... ஏதோ பழைய குப்பைன்னு நெனச்சு எடுத்தேன். இதுல என்னங்க தப்பு?

மாலை பிரமாதமா வந்துச்சு. லைப்ரரி ஹால்ல கைவேலை விக்கிற நாள்னு ஒண்ணு வெச்சாங்க, எனக்கும் ஒரு மேஜை குடுத்தாங்க. அக்காவும் பெருமையா பக்கத்துல உக்காந்தா. அவளோட பெரிய கஸ்டமர் பல் டாக்டரம்மா வந்து, மாலையைக் கழுத்துல வெச்சுப் பாத்து, ரொம்பப் பிடிச்சுப்போய், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு நடுவுல தொங்குற பெரிய மணியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பாத்து, சத்தமா படிச்சாங்க: "பல் டாக்டர், இடுப்பு நாப்பத்திரண்டு."

சுத்தி நின்னவங்க எல்லாரும் அவங்க இடுப்பைத்தான் பாத்தாங்க. நானும் பாத்தேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு.

அது குப்பை இல்லீங்க. ஒவ்வொருத்தர் உடம்புக்கும் அக்கா வெட்டி வெச்ச பேப்பர் கட்டிங். அதைத் துணி மேல விரிச்சுத்தான் கத்தரியையே எடுப்பா. பதினெட்டு வருஷத்துது. அவ திட்டல. வீட்டுக்கு வந்து வெறும் கொக்கியைப் பாத்துக்கிட்டு நின்னா. "ஒருத்தருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒருத்தருக்கு ஆபரேஷன்ல ஒரு பக்க மாரை எடுத்திருப்பாங்க. வெளிய தெரியாம இருக்க, அந்தத் தாள்லதாண்டி திருத்தித் திருத்தி வெச்சிருந்தேன்"னா. அதோட வாயை மூடினவதான். நேத்து காலையில டேப்பையும் அட்ரஸ் எழுதின நோட்டையும் என் மேஜையில வெச்சுட்டுப் போயிட்டா.

அந்த ஆபரேஷன் ஆனவங்க வீட்டுக்கும் நேத்து போனேன். டேப்பை எடுத்ததும் அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. நானும் பேசாம அளவெடுத்தேன். ஒன்பது வீட்ல நான் பேசாம இருந்தது அந்த ஒரு வீட்லதான்.

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. குப்பைன்னு நெனச்சேன்னு சொன்னது பொய். தெரியும்ங்க. பென்சில்ல பளிச்சுன்னு எழுதியிருந்துச்சே. ஒண்ணு ரெண்டு போனா தெரியாதுன்னு கை வெச்சேன். மாலைக்கு ஜோடியா கம்மல் வேணாமா? கம்மல் செஞ்சா வளையல் வேணாமா? எண்ணிப் பாத்தா முப்பத்தாறு பேர் போயிட்டாங்க. நீங்க வளையல்ல இருக்கீங்கன்னு நெனக்கிறேன்.

இன்னிக்குக் காலையில கதவைத் திறந்தா தாழ்ப்பாள்ல ஒரு பை தொங்குது. உள்ள, வெட்டி மிஞ்சின பழுப்புத் துண்டுங்க. மேல அக்கா கையெழுத்துல, "இதை மட்டும் தொடு." பேசலதான். ஆனா எழுதிட்டா இல்ல? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்படியே உக்காந்து பன்னெண்டு காகித மணி உருட்டிட்டுத்தான் எழுந்தேன். அதாங்க, உங்க வீட்டுக்கு வர மத்தியானம் ஆயிடுச்சு.