கடைசியாகச் சேர்த்த சுதி

ஏரலில் இருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நடுவயதுப் பெண் ஒருத்தியும் அவள் கணவனின் தம்பியும் இருந்தார்கள். அவள் மடியில் பெட்டிக்குள் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார்.

“தச்சநல்லூர்ல இருக்க மக கேட்டாள்னு கொண்டு போறேன் தம்பி. ஆனா சுதியை மட்டும் அவ மாத்தக் கூடாது. உங்க அண்ணன் கடைசியாச் சேத்த சுதி இது.”

“மாத்தாம எப்படி மதினி வாசிக்க முடியும்?”

“உங்க அப்பா கப்பல் வேலைக்குப் போயி சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. எங்க கல்யாணத்தன்னைக்கு உங்க அண்ணன் என்னைய மேடையில உக்கார வச்சிட்டு, இதைத் தூக்கிட்டுக் கச்சேரிக்காரங்களோட போயி நின்னுட்டாவ. ஊரே சிரிச்சுது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்கும் சுதி சேத்து வச்சிட்டு, ‘வந்து வாசிக்கேன்’னுட்டுத்தான் போனாவ. அதுல இருந்து ஒருத்தரையும் நான் தொட விடல.”



“மதினி, யாரும் தொடாட்டாலும் தந்தி பைய தளந்துரும். அண்ணன் சேத்த சுதி எப்பமோ போயிருக்கும்.”

அவள் பெட்டியைத் திறந்து ஒரு தந்தியைச் சுண்டினாள். பேருந்து இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, கிட்டாரில் காதை வைத்து மறுபடியும் சுண்டினாள்.

“அப்பம் இத்தன நாளா நான் எதைக் காத்துக்கிட்டு இருந்தேன் தம்பி?”

பாளையங்கோட்டை தாண்டிய பிறகுதான் அவள் மறுபடி பேசினாள்.

“சரி. அவ இஷ்டத்துக்குச் சேத்துக்கிடட்டும்.”

பெட்டியை மூடாமலே உட்கார்ந்திருந்தாள்.