பசை காயும் வரை

இல்ல தம்பி, துணியைத் தூக்காதீங்க. தொட்டியை மேனேஜர் வந்துதான் தெறப்பாரு. ஆமையைக் கடல்ல விடுறதைப் படம் புடிக்கத்தானே வந்தீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்? அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. மீன் நாத்தம் அடிக்கும், பரவாயில்லையா?

நானா? இந்த ஆமைக் காப்பகத்துல தொட்டி கழுவுறது, மீன் நறுக்குறது, ஊட்டுறது எல்லாம் நான்தான். அக்கான்னே கூப்பிடுங்க. இவளுக்குச் சீமாட்டின்னு பேரு வச்சதும் நான்தான். பின்ன, கணவாய் மீனை வாய்கிட்ட கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்கிறது என்ன, நாம அந்தப் பக்கம் பாத்ததும் லபக்குன்னு முழுங்குறது என்ன! எங்க வீட்டுக்காரர் பொருமுவாரு, எனக்கு ஒரு நாளாச்சும் இப்படி ஊட்டியிருக்கியான்னு. நீங்களும் தொட்டிக்குள்ள எறங்குங்க, ஊட்டுறேன்னேன்.

வியாதியா? மிதக்குறதுதான் வியாதி. வயித்துல பிளாஸ்டிக் அடைச்சு, காத்து கட்டிக்கிச்சு. பின்பக்கம் தூக்கிக்கும், அடியில போக முடியாது. கடல் ஆமைக்குக் கடலுக்குள்ள முங்க முடியலைன்னா அது என்ன பொழப்பு சொல்லுங்க? மேலயே கெடந்து வெயில்ல காஞ்சு, படகுல அடிபட்டு... அப்படித்தான் வந்து சேந்தா. ஓட்டுல பசை போட்டு ஈயக்கட்டி ஒட்டினோம். அந்தக் கனத்துலதான் ஏதோ நேரா நீந்துனா.

துப்ப மாட்டாளான்னா கேக்குறீங்க? எப்படித் துப்புவா? தொண்டை பூரா உள்பக்கம் பாத்த முள்ளு. முழுங்குன சொறிமீன், அதான் ஜெல்லி மீன், வழுக்கி வெளிய போயிடக் கூடாதுன்னு கடவுள் வச்ச முள்ளு. பிளாஸ்டிக் பை எது, சொறிமீன் எதுன்னு அவளுக்கு யாரு சொல்லிக்குடுக்குறது? பலூன் துண்டும் ரிப்பனுமா டாக்டரம்மா உருவி எடுத்தப்ப, தலையைப் புடிச்சிக்கிட்டு நான்தான் நின்னேன். ஆமை கண்ணுல தண்ணி வர்றது உப்பை வெளியேத்தத்தானாம். சரி, எனக்கு எதுக்கு வந்துச்சு?

வாசல்ல என்ன கட்டியிருக்காங்க, பாத்தீங்கல்ல? பலூன் வளைவு! விழா நடத்துற கம்பெனியோட கலர்லயாம். ஒருத்தருக்கும் உறைக்கல. காத்து பிச்சுக்கிட்டுப் போனா எங்க போய் விழும்? சொன்னேன். உன் வேலையைப் பாருன்னாங்க. வயித்துல இன்னும் இருக்கு, இப்ப கடல்ல விடாதீங்கன்னு டாக்டரம்மா தலைபாடா அடிச்சிக்கிட்டாங்க. அவங்களுக்கும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையா.

மணி பாக்குறீங்களா? இப்ப வந்துடுவாங்க. பக்கத்து ஷெட்டுல பசை காயணும், அதான் லேட்டு.

என்ன பசையா? ஈயக்கட்டி ஒட்டுற பசைதான் தம்பி. வலையில மாட்டி வந்த இன்னொரு ஆமை இருக்கு. காயமெல்லாம் ஆறி, குத்துக்கல்லாட்டம் இருக்கு. அது ஓட்டுல ஒட்டிக்கிட்டிருக்காங்க. உங்க கேமரா முன்னாடி அந்தக் கட்டியைக் கழட்டிட்டு, சீமாட்டி பொழைச்சிட்டான்னு கை தட்டணும்ல. அதுவரைக்கும் உங்களைப் பேச்சுல புடிச்சு வையின்னு எனக்கு உத்தரவு.

இப்ப துணியைத் தூக்கிப் பாருங்க. ஒண்ணும் இருக்காது. காலையில நான் வந்தப்பவே அவ போயிட்டா. அதோ, மூலையில மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்கா. மூடி கனம், நான் புடிச்சிக்கிறேன். நீங்க படத்தை எடுங்க.