நிரம்பிய பவுசர்

“ஹலோ... ஹலோ... ஓம், ஓம், இப்ப கேக்குது. கிருபையோ? நான் டீச்சர் கதைக்கிறன்... விடியத் தொடக்கம் உமக்கு எடுக்கிறன், லைன் கிடைக்கேல்லை... ஓம், பவுசர் நிரம்பிப் போச்சு. முற்றத்திலைதான் நிக்குது. இனி ஒரு வாளிகூடக் கொள்ளாது.”

பியாட்றிஸ் டீச்சர் மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு வெளியே விறாந்தை முழுக்கச் சனம். ஷெல்லுக்குப் பயந்து குருநகரிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேர். பதினெட்டு நாளாயிற்று. மலகூடங்கள் ஆறு, குழிகள் மூன்று. முந்தாநாள் அவை பொங்கத் தொடங்கின. கிணறோ அறுபது அடிதான் தள்ளி. சுகாதாரப் பரிசோதகர் கிருபைரட்ணம் எங்கேயோ அலைந்து டீசல் தேடி, ஊரில் ஓடுகிற நிலையில் இருந்த மலக்குழி இறைக்கிற ஒரேயொரு பவுசர் லொறியை அனுப்பிவைத்தார். இறைத்தாயிற்று. கொண்டுபோய்க் கொட்டத்தான் இடமில்லை. வழக்கமாகக் கொட்டுகிற உப்பு வெளியில் கண்ணிவெடி புதைத்துக் கிடக்கிறது என்றார்கள்.

“ரெண்டு குழந்தைப்பிள்ளையளுக்கு வயித்தாலை போகுது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டன்... ஓம், ஓம், தண்ணி கொதிக்கவைச்சுத்தான் குடுக்கிறம், விறகு எங்கை காணும்? நான் எடுத்தது அதுக்கில்லை. இடம் ஒண்டு கிடைச்சிருக்கு. புத்...”

அவர் நிறுத்தினார். மறுமுனை அவரைச் சொல்ல விடவில்லை.

“என்ன? ... ஏன் சத்தம் போடுறீர்? ... சரி, சரி, சொல்லேல்லை. நீர் சொல்லும்.”

புத்தூர் அருளம்பலம் காலையில் ஆள் அனுப்பியிருந்தார். மூன்று பரப்புத் தரிசு நிலம், சுற்றிவரக் கிணறு கிடையாது, கிடங்கும் வெட்டிவிட்டேன், பவுசரை அனுப்புங்கள் என்று. பரிசோதகரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்கத்தான் டீச்சர் எடுத்திருந்தார்.

“எங்கை கொட்டட்டாம்? ... களப்புக்கரையிலையோ? ... காம்புக்கு முன்னாலையோ? தம்பி, என்ன கதை கதைக்கிறீர். அது ஆமிக்காரன்ரை சென்றிக்கு நேர எதிரை. அங்கை ஆர் எப்ப கொட்டினது? ... ஓம்... ஓம்... என்னது, மிஸிஸ் டானியலோ?”

டீச்சரின் குரல் தாழ்ந்தது. கிருபை பத்தாம் வகுப்பில் அவருக்கு முன்னால் இருந்து படித்த பெடியன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் நின்ற பவுசரின் நாற்றம் யன்னல் வழியாக வந்தது. அவர் போய் யன்னலைச் சாத்த நினைத்து, ரெலிபோன் வயர் எட்டாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

“கிருபை. ஓம் எண்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லும். உமக்குப் பக்கத்திலை ஆரும் நிக்கினமோ? ... ம். எத்தினை பேர்? ... மூண்டு குழியும் நிரம்பிட்டுதோ எண்டு கேக்கிறீரோ? ஓம். மூண்டு. விளங்குது.”

மக்டலீன் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தாள். பவுசர் ஓட்டுகிற அடைக்கலநாதனின் மனைவி. அவளும் பிள்ளைகளும் ஏழாம் வகுப்பறையில்தான் படுக்கிறார்கள். டீச்சர் அவளைப் போகவிடாமல் கையால் மறித்தார்.

“ஓம், கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்... நிரம்பினபடியே வேணுமோ? கொட்டாமல்? ... சரி... அடைக்கலநாதனே ஓட்டவேணும்... ஏனாம்? வேற டிறைவர்மார் இல்லையோ? ... ஓம். சென்றியிலை நிக்கிறவங்களுக்கு அவன்ரை முகம் தெரியும். ஓம், நாத்தத்திலை ஒருத்தனும் கிட்ட வந்து பாக்க மாட்டான்.”

கதைத்தபடியே அவர் கதிரையில் இருந்துவிட்டார். போன மாதம் இயக்கப் பெடியள் பாண் விற்கிற ஒரு வானை இப்படித்தான் கேட்டு வாங்கினார்கள். வழியில் ஒரு சாமானை ஏற்றி இறக்கத்தான், உடனே திருப்பித் தருவோம் என்றார்கள். வான் அதே காவல் சென்றிக்கு முன்னால் வெடித்துச் சிதறியது. ஓட்டிக்கொண்டு போனவனுக்கு வானுக்குள் என்ன இருந்ததென்றே தெரியாது. அவனுடைய தாய்க்குக் கிடைத்தது ஒற்றைச் செருப்பு. அடுத்தநாள் ஆமி அந்தத் தெருவில் பதினொரு வீட்டை எரித்தது.

“போகேக்கை வழியிலை ஆக்கள் ஏறுவினமோ? ... சந்தியிலை. ஓம்... ஓம்... எத்தினை மணிக்கு? ... உடனையோ.”

மேசையில் கிடந்த வரவு இடாப்பின் கடைசித் தாளைச் சத்தமில்லாமல் கிழித்தார். ‘புத்தூர். அருளம்பலம் வளவு. இப்பவே. சந்தியால் போகவேண்டாம், ஒழுங்கையால் போ. கொட்டினபிறகு வண்டியை அங்கேயே விடு. இங்கே வராதே.’ எழுதி மக்டலீனிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு விரைந்தாள்.

“இல்லை, நிக்கிறன், நிக்கிறன். லைன் இரையுது... என்ன? ஆரிட்டைக் குடுக்கப் போறீர்? ... ஹலோ... ஓம் தம்பி. வணக்கம். நான் இஞ்சை உப அதிபர்... ஓம், முகாமுக்கும் நான்தான் பொறுப்பு... இல்லை, உங்களைத் தெரியாது. குரலைக் கேட்டால் சின்ன ஆள் மாதிரிக் கிடக்கு. எந்தப் பள்ளிக்கூடம் படிச்சனீங்கள்? ... சரி, சரி, அது தேவையில்லைத்தான்.”

யன்னலால் முற்றம் தெரிந்தது. அடைக்கலநாதன் துண்டை இரண்டுதரம் வாசித்தான். தன் கடைசிப் பிள்ளையின் தலையைத் தடவினான். பிறகு ஏறினான்.

“பவுசரிலை ஒரு சின்னப் பிரச்சினை தம்பி. வால்வு ஒழுகுது. அதை இறுக்காமல் றோட்டிலை விட்டால் வழி முழுக்கச் சிந்தும். ஒரு பத்து நிமிசம்... இல்லை, சாட்டுச் சொல்லேல்லை. நானூறு சனம் இருக்கிற இடம். ஆறு கக்கூசு. கிணத்திலை ஊத்தை கசிஞ்சால் வாந்திபேதி வரும், பிறகு பிரேதங்களைத்தான்... ஓம், ஓம், அது உங்கடை வேலையில்லை. நான் சொல்லுறன்...”

எஞ்சின் இருமியது. நின்றது. திரும்ப இருமியது.

“எந்தச் சத்தம்? ... ஓ, அதோ. தண்ணி இறைக்கிற மெசின். சனத்துக்குக் குளிக்கத் தண்ணி காணாது, காலமையிலை ஒருக்கா... ஓம், பழைய மெசின், உந்தச் சத்தந்தான்... நீங்கள் சாப்பிட்டனீங்களோ தம்பி? ... இல்லை, கேட்டன். விடியவே வெளிக்கிட்டிருப்பியள்.”

பவுசர் கேற்றைத் தாண்டி ஒழுங்கைப் பக்கம் திரும்பியதை அவர் பார்த்தார். இலந்தை மரத்தடியில் அதன் பின்பக்கம் மறைந்தது. இரைச்சல் தேயும்வரை கதைத்தார். குழியின் ஆழத்தைச் சொன்னார். டீசல் தட்டுப்பாட்டைச் சொன்னார். நாலு நாள் முன்னம் பெய்த மழையைச் சொன்னார். மறுமுனையில் யாரோ வந்து ஏதோ சொல்வது கேட்டது.

“ஹலோ... ஓம், நிக்கிறன்... ம்... ஆர் சொன்னது உங்களுக்கு? ... கேற்றடியிலை உங்கடை ஆள் நிண்டவரோ. எனக்குத் தெரியாது.”

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பக் கதைத்தபோது அது வகுப்பில் கதைக்கிற குரலாகவே இருந்தது.

“ஓம். பவுசர் போயிட்டுது. நான்தான் அனுப்பினனான்... எங்கை எண்டு சொல்ல மாட்டன்... தம்பி, நீங்கள் பேசலாம், நான் கேக்கிறன், ஆனால் சொல்ல மாட்டன்... இல்லை. கிருபைரட்ணத்துக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் பக்கத்திலைதானே நிண்டு கேட்டனீங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் அவர் சொன்னவர். அதைவிட ஒரு சொல் சொன்னவரோ? ... அப்ப அவரைப் பிழை சொல்லேலாது. பிழை என்ரை. அடைக்கலநாதன்ரையும் இல்லை. அவனை வெருட்டி அனுப்பினது நான்.”

மக்டலீன் வாசலில் வந்து நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

“பேரோ? எழுதுங்கோ. பியாட்றிஸ். பியாட்றிஸ் டானியல்... ஓம். வயது ஐம்பத்தேழு... தனியத்தான். என்ரை மனிசன் செத்து ஆறு வருசம்... அங்கையோ? உங்கடை இடத்துக்கோ, கிருபைரட்ணத்தின்ரை சுகாதாரக் கந்தோருக்கோ? ... கந்தோருக்கு. சரி, வாறன்.”

மக்டலீன் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாள். டீச்சர் அதை விலக்கவில்லை.

“இல்லை, இஞ்சை ஒருத்தரும் வரவேண்டாம். பிள்ளைகுட்டியளோடை சனம் கிடக்குது. நான் வாறன் எண்டுறன்... சைக்கிள் ஓடத் தெரியாது, நடந்துதான். ஒரு மணித்தியாலம் செல்லும்... ஓம், ஓம், ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரேல்லை. நான் வந்தவுடனை கிருபையை வீட்டை அனுப்பவேணும். அதை நீங்கள் எனக்கு வாயாலை சொல்லவேணும்... சொல்லுங்கோ தம்பி... ம். சரி. நான் வருமட்டும் அவரை இருத்தி வையுங்கோ. அவருக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். சேட்டுப் பொக்கற்றிலை குளிசை இருக்கும், எடுத்துக் குடுங்கோ. தண்ணியும்... ஹலோ... ஹலோ...”

லைன் அறுந்திருந்தது. டீச்சர் ரிசீவரைக் கொளுவியில் வைத்தார். அடுப்பில் தண்ணிக் கிடாரத்தை ஏற்றச் சொல்லி மக்டலீனை அனுப்பினார். பிறகு அலுமாரிக்குப் பின்னால் இருந்த குடையை எடுத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார்.