ஆணாய்ப் பிறக்க இருந்த ஈ

— அப்போ ஆம்பளயா பொறக்க வேண்டிய ஈய பொம்பளயா மாத்திட்ட. பெங்களூர்ல இதான் உன் வேலயா சித்தி?

— ஆண் ஈக்கு ஒய்னு ஒரு குரோமோசோம் இருக்கும் பானு. தாய் ஈ முட்டைக்குள்ள 'பொண்ணா வளரு'ன்னு ஒரு சேதி வெச்சுட்டுப் போவும். ஒய்ல இருக்கற ஜீன் அந்தச் சேதிய அழிச்சாத்தான் ஆண். நாங்க முட்டைல ஊசி போட்டு அந்த ஜீன் வாய அடச்சிட்டோம். உள்ள ஒய் இருந்தும் அது பொண்ணாவே வளந்துடுச்சு.

— ஐயே! அது எதுக்கு?

— உங்கப்பா மாங்காய்ல முட்ட போட்டுப் புழு வெக்கிறது பொம்பள ஈ. நாம மரத்துல கட்டற இந்தப் பொறி டப்பா வாசனைக்கு வந்து மாட்டறதெல்லாம் ஆம்பள. ஆண் ஈயா மட்டும் வளத்து, மலடாக்கித் தோப்புல விட்டா, அதோட சேர்ற ஈ போடற முட்ட பொரியாது. ஆணு எப்படி ஆணாவுதுனு தெரிஞ்சாதான அதெல்லாம் நடக்கும்?

— ஈ கத சொல்லியே காலைலேருந்து தப்பிச்சினு கீற. மெட்ராஸ்ல எடுத்த டெஸ்டு இன்னா ஆச்சு? உன் போனுக்குதான வரும்னாங்க?

— அந்தக் கயித்த இறுக்கிக் கட்டு. டப்பா விழுந்துடப் போவுது.

— சித்தி.

— வந்துடுச்சு. நேத்தே உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு உங்கத்தை பையன் சுதாகர் வீட்லேருந்து பூ வெக்க வர்றாங்க, அது வரைக்கும் வாயத் தொறக்காதன்னா.

— அப்போ நல்ல சேதி இல்ல.

— உக்காரு கண்ணு.

— நின்னுகினே கேக்கறேன். இருவது வயசாவுது, ஒரு தடவகூட வரல. அம்மா எனுக்காகத் தணிகை மலைக்குப் பால்காவடியும் எடுத்தாச்சு. மாத்திர போட்டா வந்துடுமா?

— வராது. உனக்குக் கர்ப்பப்பை இல்ல.



— பானு?

— கேட்டுகினுதான் இருக்கேன்.

— உன் உடம்புலயும் ஒய் இருக்கு. அது போட்ட உத்தரவ உன் உடம்பு காதுல வாங்கல. அதனால பொண்ணாவே வளந்த. நீ பொண்ணுதான், அதுல சந்தேகமே வேணாம்.

— அந்த ஈயாட்டம்.

— கிட்டத்தட்ட.

— அந்த ஈ முட்ட போட்டுச்சா?

— இப்ப எதுக்கு அது?

— கேக்கறேன் இல்ல? போட்டுச்சா?

— போட்டுச்சு.

— பொரிஞ்சுதா?

— பொரிஞ்சுது.

— ஈக்குக் குடுத்து வெச்சிருக்கு. எனுக்கு இல்ல.

— ஈ வேற, மனுஷங்க வேற கண்ணு.

— எனுக்கும் ஒரு ஊசி போடேன் சித்தி. ஈக்குப் போட்ட இல்ல? 'எந் தங்கச்சி ஆணையே பொண்ணாக்கறவ, இத சரி பண்ண மாட்டாளா'ன்னு அம்மா அததான் நம்பிகினு கீது.

— அது முட்ட போட்ட கையோட பண்றதுடி. வளந்த ஈய என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

— எங்கேருந்து வந்துச்சு எனுக்கு மட்டும்?

— அம்மா வழில வர்றது. அத உடம்புல தூக்கினு வர்ற அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. பெத்ததுல யாராவது ஒருத்திக்கு வந்துடலாம்.

— சுதாகர் பாவாகிட்ட சொல்லிடுவியா?

— நீ சொல்லணும். பூ வெக்கறதுக்கு முன்னாடி.

— மாட்டேன். 'இன்னும் பெரியவ ஆவலயா, இன்னும் ஆவலயா'ன்னு தெருவே கேக்குதுனு, ஆவாத பொண்ணுக்குப் பந்தல் போட்டு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க இல்ல? அத்தை வீட்லேருந்து தட்டு தட்டா சீர் வந்துச்சு. பாவா அம்மையார்குப்பத்துல அவர் தறிலயே ஓட்டின பொடவய எடுத்தாந்தாரு. அத கட்டிகினு ஊரு முன்னாடி உக்காந்தேன். அப்பவே வாய மூடினு இருந்தவ, இப்பவும் மூடினு இருக்கேன்.

— வருஷா வருஷம் ஒரு புள்ளைக்காக அவன் மலையேறுவான். எல்லாம் தெரிஞ்சுகினே பக்கத்துல நிப்பியா?

— நிப்பேன். அவரு கூட இருந்தா போதும் எனுக்கு.

— அவனுக்கும் அது போதுமானு அவன்தான்டி சொல்லணும்.

— வேணாம்னுட்டாருன்னா? சொல்லு சித்தி, வேணாம்னுட்டாருன்னா நான் எங்க போவேன்?

— அழு கண்ணு. நல்லா அழு. என் மேல சாஞ்சுக்கோ.

— கைய எடு! உனுக்கு இன்னா தெரியும்? ஊரு மெச்ச உனுக்குப் பந்தல் போட்டாங்க, எத்தினி பேரு பொண்ணு கேட்டு வந்தாங்கனு அம்மா சொல்லும். எவனும் வேணாம்னு நீயா போய் ஈயோட குடித்தனம் பண்ற. ஒருத்தன் வேணும்னு தவிக்கறவ வலி உனுக்கு எங்க தெரியப் போவுது?

— நானாடி வேணாம்னேன்? எனக்குப் போட்டதும் பொய்ப் பந்தல்தான். அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து, வெளிய சொல்லிடாதடின்னு அழுதுகினே எனக்கு மருதாணி வெச்சது உங்கம்மா.