செருப்புப் போட்டு மீனுக்குத் தீனி

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. ஒரே வெயில். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரர் இப்ப வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுதான் மீனுக்குத் தீனி போடறாரு.”

“ஏங்க்கா?”

“ஹால்ல பவளப்பாறையெல்லாம் வச்சு கடல்மீன் தொட்டி இருக்குல்ல? வெறுங்காலோட உள்ள கைய விட்டாரு. ஷாக் அடிச்சு சோபாவுல போய் விழுந்தாரு.”

“ஐயய்யோ! மீனு?”

“அது பாட்டுக்கு நீந்துது. அதப் பாத்துட்டு, தண்ணியில கரண்ட் இல்லேன்னு மறுபடியும் கைய விட்டாரு!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எதுலேர்ந்து கரண்ட் கசிஞ்சுதாம்?”

“தண்ணியச் சூடாக்குற ஹீட்டர்ல விரிசல். தரையத் தொடாததால மீனு தப்பிச்சுது.”

மற்றவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

“திருச்சியில எதுக்குக்கா ஹீட்டரு?”

“அதத்தான் நானும் கேட்டேன். ஷாக் அடிச்சப்பகூட மனுஷன் அப்படி முழிக்கல.”